மயிலாப்பூர் கோதாவில் என் வீட்டு எண்ணெய்

பினாங்கிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் திரும்பி வந்து மெரினாவைப் பற்றிச் சொல்வார்கள். கபாலி கோயில் கோபுரத்தைப் பற்றிச் சொல்வார்கள். தி.நகரில் எடுத்த பட்டுப்புடவையை விரித்துக் காட்டுவார்கள். எனக்கும் அதையெல்லாம் எழுத ஆசைதான். ஆனால் நான் சென்னையில் அதிகம் பார்த்தது ஒரு மண் குழியை. அந்தக் குழியின் மேல் எனக்கு வந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். மெரினா வேண்டுமென்பவர்கள் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

போன காரியம் நல்ல காரியம்தான். எங்கள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புடவை, வெள்ளிச் சாமான் எல்லாம் எடுக்க வேண்டும். பினாங்கிலேயே பட்டு கிடைக்கும். ஆனால் என் வீட்டுக்காரர், "பட்டுன்னா மெட்ராஸ்ல போய்த்தான் எடுக்கணும்," என்றார். ஒரு முழு வாக்கியம். அவர் சாதாரணமாக முழு வாக்கியம் பேசுகிறவர் இல்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் ரத்தினம். மயிலாப்பூர்க்காரர். இளவட்டமாக இருக்கும்போது கப்பலேறி வந்து, எங்கள் அப்பாவின் மளிகைக் கடையில் சேர்ந்து, எனக்கு மாலையிட்டவர். கடைக்குப் பெயர் பாக்கியம் ஸ்டோர். அந்தப் பாக்கியம் நான்தான். நான் பினாங்கிலேயே பிறந்தவள், எனக்குக் குடியுரிமைக்கான நீல அடையாளக் கார்டு. அவருக்கு இன்னமும் தங்கியிருக்க மட்டும் அனுமதிக்கிற சிவப்புக் கார்டுதான். எங்கள் தெருவில் அவரை யாரும் ரத்தினம் என்று கூப்பிடுவதில்லை. 'பாக்கியம் வீட்டுக்காரர்' என்பார்கள். அவரும் 'ம்' என்று திரும்பிப் பார்ப்பார். அந்த 'ம்'மை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன். அமைதியான மனுஷன், அவர் சுபாவமே அப்படி என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு சென்னைத் துறைமுகத்திலேயே போய்விட்டது. சுங்கச் சோதனை முடிந்து வெளியே வந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. கட்டம்போட்ட லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு கனத்த ஆள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். வணக்கம் சொல்லவில்லை, கைகொடுக்கவில்லை. குனிந்து இவர் பிடரியில் ஒரு கையைப் போட்டு இழுத்தார். இவரும் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அந்த ஆளின் பிடரியைப் பிடித்தார். இரண்டு பேரும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு, தள்ளிக்கொண்டே போய் ஒரு தூணில் இடித்துக்கொண்டார்கள். கப்பலில் யாருடனோ வம்பு வைத்துக்கொண்டிருக்கிறார், அது கரை வரைக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். குடையை மடக்கி அந்த ஆளின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

அந்த ஆள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பாபிக்குக் கை நல்லா கனமா கீது, நைனா," என்றார் இவரிடம். பாபி என்றால் அவர்கள் பேச்சில் அண்ணியாம். பிறகு இவரை மேலும் கீழுமாகப் பார்த்து, "இன்னா இது, தொப்பையப் போட்டுக்கினு வந்துகிற?" என்றார்.

"நீ மட்டும் இன்னா, சுக்காவா கீற?" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பேச்சை அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதே இல்லை. பேச்சுகூடப் போகட்டும். தொடர்ந்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அடிவயிற்றிலிருந்து எழும்பி வந்த சிரிப்பு. மூத்த பையன் பிறந்தபோதுகூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வந்தவரின் பெயர் காதர். இளமைக் காலத்துச் சிநேகிதர் என்று தெரிந்தது. எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடிக்கவில்லை.

மயிலாப்பூரில் ஒரு மாமியின் வீட்டு மாடியை எங்களுக்காகக் காதரே பேசி வைத்திருந்தார். நல்ல இடம். காற்று வரும், தண்ணீர் வரும் என்று சொன்னார்கள். காற்று வந்தது. முதல் நாள் விடியற்காலையில் கண் விழித்தால் பக்கத்துப் படுக்கை காலி. கீழே மாமி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்காத்துக்காரர் இருட்டோட எழுந்து போனாரே, குளத்துக்கா?" என்று கேட்டாள்.

"தெரியலையே மாமி."

"பெங்களூரிலேருந்து வந்தாலும் பினாங்கிலேருந்து வந்தாலும் இவாளுக்கெல்லாம் சொல்லிண்டு போற வழக்கமே கிடையாது," என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் காப்பியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்க் கோப்பிக் கடையில் கொடுக்கிற கருப்புக் கோப்பியைக் குடித்து வளர்ந்த நாக்கு இது. மாமியின் காப்பி முன்னால் அது வெறும் சுடுதண்ணீர். எனக்கு அதிலும் பொறாமைதான்.

இவர் வரும்போது நன்றாக வெயில் ஏறிவிட்டது. தலைமுடியில் செம்மண். கழுத்தெல்லாம் எண்ணெய் வாசனை. "எங்க போனீங்க?" என்றேன். "சும்மா, காதரோட," என்றார். பசியாறக் கூப்பிட்டால் ஆகிவிட்டது என்றார். காதர் வீட்டில் ஆட்டுக்கால் பாயாவும் ஆப்பமும். என் கையால் வைத்த ரசத்தையே வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒதுக்குகிற மனுஷன், விடிந்ததும் விடியாததுமாக ஆட்டுக்கால் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்கிறார்.

மறுநாள் நானும் கூடவே கிளம்பினேன். "அங்க பொம்பளைங்க வரமாட்டாங்க," என்றார். "காதர் வீட்டுல பொம்பளை இருக்கால்ல, அவளைப் பார்க்க வரேன்," என்றேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்தது அந்த இடம். குஸ்தி பழகுகிற இடத்தை அங்கே தாலீம் என்கிறார்கள். உள்ளே இருக்கும் மண் குழிக்குக் கோதா என்று பெயர். சொல்லிக் கொடுக்கிற தலைவருக்கு வஸ்தாது. இந்த மூன்று வார்த்தை தெரிந்தால் போதும், என் வயிற்றெரிச்சல் முழுவதும் உங்களுக்குப் புரிந்துவிடும். தாலீமின் பக்கத்துச் சுவர்தான் காதரின் வீடு. அந்த வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ஓட்டுச் சார்ப்புக்கு அடியில் கோதா நன்றாகத் தெரியும். பெண்கள் பார்ப்பதென்றால் அங்கிருந்துதான்.

காதரின் மனைவி ஜைத்தூன் என்னை மாடிக்குக் கூட்டிப்போனாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவளாக இருப்பாள். கையில் அரிசிமுறத்தோடு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இது தினசரி வேடிக்கை.

கீழே இருபது முப்பது பேர் இருந்தார்கள். சாந்தோம் குப்பத்து மீன்காரர்கள், ஒரு கறிக்கடைக்காரர், மாம்பலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தெற்கத்தி அண்ணாச்சி ஒருவர், குளித்துவிட்டுப் பேங்குக்குப் போகவேண்டிய ஒரு குமாஸ்தா. எல்லோரும் ஒரே மாதிரி கோவணம் இறுக்கிக் கட்டி, மண்ணைப் பூசிக்கொண்டு நின்றதில் யார் என்ன வேலை பார்க்கிறவர் என்று ஜைத்தூன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு சுவரில் மல்லிகைச் சரம் போட்ட ஆஞ்சநேயர் படம். அதே சுவரில் பக்கத்திலேயே கண்ணாடி போட்ட அரபு எழுத்து. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊதுவத்திதான். ஓரத்தில் கர்லாக்கட்டைகள் குட்டையும் நெட்டையுமாகச் சாத்தியிருந்தன. விசுப்பலகையில் காதரின் தாய்மாமா கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். அவர்தான் பெரிய வஸ்தாது.

என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டு கோதாவில் இறங்கினார். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. வயிறு முன்னால் வந்திருந்தது. யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். யாரும் சிரிக்கவில்லை. இளவட்டங்கள் ஒதுங்கி வழிவிட்டு, ஒவ்வொருவராகக் குனிந்து அவர் காலைத் தொட்டார்கள். பினாங்கில் கடைப் பையன் அவரிடம் சில்லறைகூடக் கேட்காமல் என்னிடம்தான் வந்து கேட்பான்.

காதரும் இறங்கினார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பிடி மண்ணை எடுத்து ஒருவர் தோளில் ஒருவர் தேய்த்துவிட்டார்கள். அவசரமே இல்லை. தோள், முதுகு, கை என்று குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் போலத் தேய்த்தார்கள். பிறகு பிடித்தார்கள். முதலில் ஏதோ இரண்டு கிழவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு தள்ளுமுள்ளு செய்வதாகத்தான் பட்டது. போகப் போகத்தான் கண்ணுக்குப் பிடிபட்டது. காதர் எந்தப் பக்கம் சாயப் போகிறார் என்பது சாய்வதற்கு முன்பே இவருக்குத் தெரிந்திருந்தது. இவர் கால் எங்கே வரும் என்று காதருக்குத் தெரிந்திருந்தது. என்னோடு ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடிக்கக் கூச்சப்படுகிறவர் இவர். எனக்குத் தலைவலி என்றால் நானாகச் சொல்லும்வரை தெரியாது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தக் காதரைக் கோதாவிலிருந்து தள்ளிவிட்டு நான் போய் நிற்க வேண்டும் போலிருந்தது.

ஜைத்தூன் என்னைப் பார்த்துவிட்டாள். "எனக்கும் மொதல்ல அப்படித்தான் பாபி இருந்துச்சு," என்றாள். "சக்களத்தின்னு நெனச்சா சோறு எறங்குமா? அப்புறமா அந்தக் குழியை மாமியாருன்னு நெனச்சுக்கிட்டேன். சரியாப் போச்சு."

குஸ்தி முடிந்து காதர் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, இவருடைய இடது காதைப் பிடித்துக் காட்டினார். அந்தக் காது கசங்கி, பாதி மடங்கிப்போய் இருக்கும். பிறவியிலேயே அப்படித்தான் என்று இவர் எனக்குச் சொல்லியிருந்தார். "இது நான் பண்ணது பாபி," என்றார் காதர். "என் முட்டியில மாட்டிக்கிச்சு. ஒரு மாசம் வீங்கிக்கினு இருந்துது. பாருங்க, இன்னும் அப்படியே கீது." கண்ணில் பெருமை. காதரின் வலது காதும் அதே மாதிரி கசங்கியிருந்தது. அது யார் கைவேலை என்று நான் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் காதர் செய்த காதுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

தி.நகருக்குப் போனது அதற்கடுத்த நாள். அங்கே கடைகளைப் பார்த்தால் நம்ம ஊர்க் கடைத்தெரு ஒரு மூலைக்குக் காணாது. விற்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். "வாங்க தாயி, உக்காருங்க, இந்தப் பச்சையப் பாருங்க," என்று அவர்கள் புடவையை விசிறிப் போடுகிற அழகுக்கே வாங்கலாம். அரக்கு நிறத்தில் மாம்பழ வண்ணக் கரை போட்ட புடவை ஒன்று என் மகளுக்காகவே நெய்ததுபோல் இருந்தது. எப்படி இருக்கிறது என்று இவரிடம் கேட்டேன். "ம்," என்றார். பழைய 'ம்'. என்னிடம் வரும்போது அது மட்டும்தான் மிச்சம்.

திரும்பும்போது சைக்கிள் ரிக்‌ஷா. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. லஸ் பக்கம் வரும்போது சங்கிலி கழன்று, சக்கரம் பள்ளத்தில் இறங்கி, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. புடவைக் கட்டு சேற்றுத் தண்ணீரில் விழுந்தது. நான் அதை எடுக்கக் குனிந்தேன். இவர் இறங்கி, வண்டியின் பின்பக்கத்தை ஒற்றைத் தோளால் முட்டுக்கொடுத்துத் தூக்கி மேலே வைத்தார். ரிக்‌ஷாக்காரர் இவரையும் காதையும் பார்த்தார்.

"நீங்க தாலீம் ரத்னமா? காதர் பாயோட ஜோடி?"

"ஆமாம்பா."

"எங்க நைனா சொல்லிக்கினே இருப்பாரு சார். பினாங்குலேர்ந்து வந்துகிறாருன்னு சொன்னாங்க, நம்ம வண்டில குந்துவீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் பாதி வேலையில் கத்தியோடு வெளியே வந்து, உள்ளே வந்து பார்க்கச் சொன்னார். கண்ணாடிக்கு மேலே ஒரு பழுப்பேறிய போட்டோ. இளைஞர்கள் இருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் காதர். இன்னொருவர் நான் கட்டிக்கொள்வதற்கு முந்தைய ரத்தினம். ஒரு அம்மாள் சுளுக்குப் பிடித்த கையோடு வந்து நீவிவிடச் சொன்னாள். ரோட்டிலேயே நீவிவிட்டார். பால்காரர் ஒருவர் செம்பில் பால் கொடுத்தார். மொகரத்துக்குக் கை வடிவப் பஞ்சாவை ஊர்வலமாக எடுக்கும்போதும், அனுமார் ஊர்வலம் வரும்போதும், முன்னால் கர்லா சுற்றிக்கொண்டு போகிறவர்கள் இந்தத் தாலீம்காரர்கள்தானாம். அவர்கள் இல்லாமல் சாமியும் நகராது, பஞ்சாவும் நகராதாம். கேட்டுக்கொண்டே ஈரப் புடவைக் கட்டோடு நான் நின்றேன். புடவை என்ன ஆச்சு என்று ஒரு ஆளும் கேட்கவில்லை. "இவங்கதான் பயில்வான் சம்சாரம்," என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். பினாங்கில் நான் பாக்கியம்.

கட்டைப் பிரித்து மாமி வீட்டு மாடியில் காயப் போட்டேன். நல்லவேளை, மேல் புடவையின் மடிப்பில் மட்டும்தான் கறை.

விஷயம் வெளிப்பட்டது அதற்குப் பிறகுதான். ஒரு சாயங்காலம் ஜைத்தூனோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தின்பண்டக் கடை பெஞ்சில் பெரிய வஸ்தாது, காதர், இவர். பேச்சு உள்ளே கேட்டது.

"எனக்கு முட்டி போச்சு," என்றார் பெரியவர். "விஜயதசமிக்கு வஸ்தாது பலகையிலேர்ந்து எறங்கிடறேன். காதர ஏறச் சொன்னா மாட்டேன்றான்."

"ரத்னம் இல்லாத எடத்துல நான் குந்தமாட்டேன்," என்றார் காதர். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் எறங்கினோம். ஒண்ணாத்தான் ஏறுவோம். நீ இங்கயே இருந்துடு நைனா. அங்க கடைய உன் புள்ள பாத்துக்கினு போறான்."

நான் ஜன்னல் பக்கம் நகர்ந்தேன்.

"வூட்டுல கேக்கணும்," என்றார் இவர்.

ஜைத்தூன் என் முகத்தைப் பார்க்காமல் வெங்காயத்தை நறுக்கினாள். அப்போது எனக்கு எல்லாம் விளங்கியது. பட்டு எடுக்க மெட்ராஸ் வரவேண்டும் என்று அவர் சொன்ன அந்த முழு வாக்கியமும் விளங்கியது. என் வீடு, என் கடை, என் தெரு, என் அக்கம்பக்கத்துச் சீன அம்மாக்கள், எல்லாம் அங்கே. இந்த ஊரில் எனக்கு ஒன்றுமே இல்லை, பயில்வான் சம்சாரம் என்ற பெயரைத் தவிர. புருஷனோடு கப்பலேறப் போகிறேனா, தனியாகவா என்பதை ஒரு குழி முடிவு செய்யப் போகிறது.

அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் என்ன சொல்வது என்றும் ஒத்திகை பார்த்துவைத்தேன். அன்று கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. நானாகப் போய்க் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. மயிலாப்பூரிலிருந்து பிரித்துக்கொண்டு போனாலாவது வாயைத் திறப்பாரோ என்று, அடையாறு தாண்டி பெசன்ட் நகர்க் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் கண்டக்டர், "உள்ள போம்மா, உள்ள போ, பின்னால ரயிலா வருது?" என்று அதட்டி என்னை ஒரு கோடியிலும் இவரை ஒரு கோடியிலும் நிற்க வைத்துவிட்டார். கடற்கரையில் கூட்டமில்லை. நல்ல காற்று. தேங்காய் மாங்காய் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். இவர் ஒரு பிடி மணலை அள்ளி, இறுக்கிப் பிடித்து, விரல் இடுக்கில் வழிய விட்டார். இப்போது கேட்கப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இந்த மண்ணு சரிப்படாது," என்றார். "பிடியே இல்ல."

சுண்டலை நானே தின்று தீர்த்தேன்.

நவராத்திரி வந்தது. மாமி கீழே கொலு வைத்து, எனக்கும் வெற்றிலை பாக்குக் கொடுத்தாள். தாலீமில் ஆயுத பூஜைக்குக் கர்லாக்கட்டைகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். விஜயதசமியன்று காலையில் கோதாவை மறுபடி கொத்தி, புது மண் போட்டு, மஞ்சளும் மோரும் எண்ணெயும் விட்டுக் கலப்பார்கள். அந்த எண்ணெய் கடையில் வாங்கி ஊற்றுவது இல்லை. ஒவ்வொரு பயில்வான் வீட்டிலிருந்தும் ஒரு செம்பு நல்லெண்ணெய் வரவேண்டும். வீட்டுப் பெண்பிள்ளைதான் கொண்டுவந்து, வாசலில் வைத்திருக்கிற அண்டாவில் ஊற்றவேண்டும். வாசலைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. இதையெல்லாம் முதல்நாள் ஜைத்தூன் எண்ணெய் அளந்துகொண்டே சொன்னாள். இரண்டு செம்புகளில் அளந்தாள்.

"ரெண்டு எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணு எங்க வூட்டுக்கு. ஒண்ணு உங்க வூட்டுக்கு."

"எங்க வீட்டுக்கா?"

"அண்ணன் கப்பலேறினதுலேர்ந்து அவங்க எடத்துக்கு எங்க மாமியார் ஊத்தினாங்க. அப்புறம் நான் வந்து ஊத்தறேன். வஸ்தாது 'ரத்னம் வூடு'ன்னு கூப்பிடுவாரு, நான் போய் ஊத்துவேன்."

காதர் இவர் காதைச் செய்தார், சரி. போட்டோவில் பக்கத்தில் நின்றார், சரி. நான் ஒருத்தி கடல் தாண்டி இவருக்குச் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம், இங்கே வருஷா வருஷம் 'ரத்னம் வீடு' என்று கூப்பிட்டதும் வேறொருத்தி எழுந்து போயிருக்கிறாள். ஜைத்தூன் தங்கமான பெண். அன்றைக்கு அவளை அப்படியே செம்போடு தூக்கிப் போட்டிருப்பேன்.

"இந்த வருஷம் நான் ஊத்தறேன்," என்றேன்.

அவள் கை நின்றது. "நெஜமாவா பாபி? நல்லா யோசிச்சீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? என் வீட்டு எண்ணெயை நான் ஊத்தறேன்."

ஜைத்தூன் செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. இத்தனை வருஷத்து உரிமை பறிபோகிறதே என்று அழுகிறாள் என நினைத்தேன். உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்தது. இவரிடம் ஒன்றும் சொல்லவேண்டாம், காலையில் பார்க்கட்டும் என்று மட்டும் அவளிடம் சொல்லிவைத்தேன்.

காலையில் தலைக்குக் குளித்து, எனக்கென்று எடுத்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். சந்து நிறைய ஜனம். வாசலில் அண்டா. உள்ளே கொத்திப்போட்ட மண் கருஞ்சிவப்பாகக் குவிந்து கிடந்தது. ஆண்களெல்லாம் கோதாவைச் சுற்றி நின்றார்கள். பெரிய வஸ்தாது விசுப்பலகையில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். குப்பத்துப் பெண்கள், கறிக்கடைக்காரரின் தாயார், அண்ணாச்சியின் மனைவி என்று ஒவ்வொருவராக வந்து ஊற்றினார்கள்.

"காதர் வூடு."

ஜைத்தூன் ஊற்றினாள்.

"ரத்னம் வூடு."

நான் முன்னால் போய் நின்றேன். செம்பை உயர்த்தி, எல்லோரும் பார்க்கும்படியாக, நிதானமாக ஊற்றினேன். சலசலப்பு நின்றது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. நிமிர்ந்து, காதரைத் தேடி ஒரு பார்வை பார்த்தேன்.

பெரிய வஸ்தாது கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"பாத்துக்கோங்க," என்றார். "ரத்னம் வூட்டம்மா அவங்க கையாலயே ஊத்திட்டாங்க. அடுத்தவங்க ஊத்தினா எடத்தப் புடிச்சு வெச்சிக்கினு கீறோம்னு கணக்கு. பொஞ்சாதி ஊத்தினா புருசனக் கோதாவுக்கு விட்டாச்சு, இனிமே அவங்க திருப்பிக் கூப்பிடமாட்டாங்க. ரத்னம் கப்பலேற வாணாம். இன்னிலேர்ந்து காதரும் ரத்னமும் வஸ்தாது."

உள்ளே ஒரே ஆரவாரம். நான் ஜைத்தூன் பக்கம் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்து அவள் முகம் வெளுத்தது.

"தெரியாமலா ஊத்தினீங்க?" என்றாள் மெதுவாக. "அதான் யோசிச்சீங்களான்னு கேட்டேனே பாபி."

முன்பு ஒரு காலத்தில் பயில்வான்களின் பெண்டாட்டிகள் தினமும் வாசலில் வந்து நின்று, விடியற்காலையில் எழுந்து ஓடுகிறான், வீட்டுப் பாலையும் பாதாமையும் தின்று தீர்க்கிறான் என்று சண்டை போட்டார்களாம். அலுத்துப்போன ஒரு வஸ்தாது, பெண்டாட்டி சம்மதித்து எண்ணெய் ஊற்றினால்தான் சேர்ப்பேன், ஊற்றிய பிறகு குறை சொல்லக்கூடாது என்று வைத்த ஏற்பாடு இது. குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். பினாங்குக்காரிக்கு மட்டும்தான் தெரியாது.

இரண்டு பேர் அண்டாவின் காதுகளைப் பிடித்துத் தூக்கினார்கள். "இன்னும் மண்ணுல விடல," என்று ஜைத்தூன் என் முழங்கையைப் பிடித்தாள். "தெரியாம ஊத்திட்டேன்னு சொல்லிடுங்க. நானே மாமாகிட்ட பேசறேன். யாரும் ஒண்ணும் நெனைக்கமாட்டாங்க. சீக்கிரம் சொல்லுங்க."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கடை கண்முன் வந்தது. மகள் வந்தாள். எங்கள் தெருவின் மழை வாசனைகூட வந்தது. அதற்குள் இவர் ஆட்களை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். உடம்பெல்லாம் மண். எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"பாக்கியம்," என்றார். நாலுபேர் முன்னால் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "நெஜமாவா? நீ ஒத்துக்கமாட்டேன்னு நெனச்சு நான் கேக்கவே இல்ல. காதர்கிட்டகூட முடியாதுன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். துறைமுகத்தில் கேட்டேனே, அடிவயிற்றுச் சிரிப்பு, அதுவேதான். ஆனால் இந்தத் தடவை என்னைப் பார்த்து. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கன்னத்து மண்ணில் கோடு போட்டது. காதர் அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். இவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அண்டாவைத் தூக்கியவர்கள் குழியின் விளிம்பில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜைத்தூன் என் முழங்கையை இன்னொரு தடவை அழுத்தினாள்.

அந்தச் சிரிப்பைத் திரும்பக் காதருக்கே கொடுத்துவிட எனக்கு மனசு வரவில்லை.

"ஆமா," என்றேன். "ஊத்தச் சொல்லுங்க."